பேஸ்பால் ஷோகேஸ்: காசுக்குத் தகுமா?

டெக்ஸஸில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, பையன் பத்தாவது போறான், நல்லா பிட்ச் பண்றான். ஷோகேஸுக்கு வா வான்னு மெயிலா குவியுது. காசு கட்டினா காலேஜ்ல எடுத்துப்பாங்களா?" வாட்ஸ்அப்பில் அடங்குகிற பதில் இல்லை. ஷோகேஸ் என்றால், காசு கட்டிப் போய்க் கல்லூரிக் கோச்கள் முன்னால் பிள்ளைகள் திறமையை அளந்து காட்டும் நிகழ்ச்சி. அமெரிக்க ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் அது தானாகவே தெரிந்துவிடும்.

என் மகன் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எரிச்சலில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது.

போனதும் முதல் வேலை 60 யார்டு ஓட்டம். 180 அடி, நேர்கோடு. ஆட்டத்தில், சதுரத்தின் மூலைகளாக இருக்கும் பேஸ்களில் முதல் பேஸிலிருந்து மூன்றாவது பேஸுக்கு ஓடும் தூரம்தான். ஆனால் ஆட்டத்தில் நடுவே இரண்டாவது பேஸில் வளைய வேண்டும், பந்து எங்கே போகிறது, கோச் கையை ஆட்டுகிறாரா நிறுத்துகிறாரா என்று பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். இங்கே அதெல்லாம் கிடையாது. மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டர் என்றால் 6.9 வினாடிக்குள் வர வேண்டும் என்பார்கள். என் பையன் 7.5. ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து எழுகிறவர்களிடம் இது சாதாரணம், கோச்களுக்கும் அது தெரியும்.

சரி, பிறகென்ன என்கிறீர்களா? அந்த 7.5 அன்றோடு போகவில்லை. இணையத்தில் அவன் பெயரைத் தேடினால் ஷோகேஸ்காரர்கள் பக்கத்தில் உயரம், எடை, அதற்கு அடுத்து அதுதான் வரும். ஒன்பதாவது படிக்கும்போது, திடீரென்று உயரமாகி, தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓடியது. அப்புறம் நன்றாகவே வேகம் கூடியது. பள்ளி மைதானத்தில் நானே ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதை அந்தப் பக்கத்தில் ஏற்ற முடியாது. எண் மாற வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டி, மறுபடி அங்கேயே போய் ஓட வேண்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் ஏறும்.

அடுத்தது பாப் டைம். பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த நொடியிலிருந்து இரண்டாவது பேஸில் நிற்பவன் கையுறைக்குப் போய்ச் சேரும் வரை எவ்வளவு நேரம் என்ற கணக்கு. 127 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். 2 வினாடியை ஒட்டி வந்தால் கல்லூரிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அளப்பதில் தப்பே இல்லை. ஆனால் மட்டையோடு எதிரே யாரும் நிற்பதில்லை, பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸைத் திருட ஓடுகிறவனும் இல்லை. பந்து சொல்லிவைத்த மாதிரி நெஞ்சுக்கு நேராக வருகிறது. எறிந்ததில் மிக நல்ல ஒன்றை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

கடைசியில் ஆட்டம் என்று ஒன்று வைத்தார்கள். மூன்றாவது பேஸில் எதிரணி ஆள், பிட்சர் என் பையனுக்கு அன்றைக்குத்தான் அறிமுகம், ஸ்லைடர் என்னும் வளைந்து இறங்கும் பந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு ஓரடி முன்னாலேயே மண்ணில் குத்தியது. பையன் இரண்டு முழங்காலையும் போட்டு, தாடையை நெஞ்சோடு ஒட்டி, மார்க்கவசத்தில் வாங்கிப் பந்தைத் தன் முன்னாலேயே சுருட்டி விழவைத்தான். ஓடத் தயாரானவன் திரும்பிப் போனான். கேட்சர் வேலை என்றால் இதுதான். மாலையில் வந்த அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். நேரத்துக்கு ஆரம்பித்தார்கள், நேரத்துக்கு முடித்தார்கள். வீடியோ அருமை: பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்து, தேவையில்லாததை வெட்டி, லிங்க்காகக் கொடுத்தார்கள். வலைக்கு வெளியே நின்று என் போனில் நான் எடுத்ததில் பாதி வேலிக் கம்பிதான். வருவார்கள் என்று விளம்பரத்தில் பெரிய கல்லூரிகளின் சின்னமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஜூனியர் காலேஜ் (இரண்டு வருஷக் கல்லூரி) காரர்கள். "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்ற மெயிலையும் நம்பாதீர்கள். முழங்கை வலியால் அந்த சீசன் முழுக்கப் பந்தையே தொடாத எங்கள் டீம் பையனுக்கும் அதே மெயில் வந்தது.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் பலர் பார்ப்பதே இல்லை: கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏவின் காலண்டர். அதன் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1 பேஸ்பாலில் குளிர்காலத்தின் பெரும்பகுதி 'க்வயட் பீரியட்'. அந்தச் சமயத்தில் கோச்கள் தங்கள் கேம்பஸுக்கு வெளியே போய் யாரையும் பார்க்கக் கூடாது. ஆக, ஜனவரியில் எங்கோ உள்ளரங்கில் நடக்கும் ஷோகேஸுக்கு டிவிஷன் 1 கோச் நேரில் வர வழியே இல்லை. தவிர, பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 வரை அவர்கள் பையனோடு ரெக்ரூட்டிங் பேச்சே பேசக் கூடாது என்பது 2023லிருந்து விதி. ஒன்பதாவது படிப்பவனை அவசரப்படுத்துகிறவர்களிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

ஸ்காலர்ஷிப் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் மனதில் ஓடுவது அதுதானே. வெகு காலமாக ஒரு டிவிஷன் 1 அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப். அதை 27 பேர் வரை பிய்த்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 2025-26லிருந்து, புதிய முறையில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்று தலைக்கணக்கு வந்துவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 34க்குள், வேறு கல்லூரியில் ஏற்கனவே இரண்டு வருஷம் ஆடிவிட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இடம்) வழியாக வரும் 21 வயதுக்காரனோடு உங்கள் பையன் போட்டி போட வேண்டும். தொழில்முறை லீக்கான எம்.எல்.பியின் அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டும் முன்பு 40 சுற்று, 2021லிருந்து 20தான். புரொஃபெஷனலாகப் போயிருக்கக்கூடிய பலர் கல்லூரியிலேயே இடம் பிடிக்கிறார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது. மார்க்குக்கும் வீட்டு வருமானத்துக்கும் தருவதுதான்.

என் மகன் கடைசியில் போனது டிவிஷன் 3க்குத்தான். அந்தக் கல்லூரி தன் மைதானத்திலேயே நடத்திய கேம்பில் கோச் அவனைப் பார்த்தார். பேட்டர் 2-2இல் (இரண்டு பால், இரண்டு ஸ்ட்ரைக்) நிற்கிறான், அடுத்து என்ன பந்து கேட்பாய், ஏன் என்று கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார். ஷோகேஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கேம்புக்கு ஆன செலவு சொற்பம். அந்த கேம்புக்கு அவனைக் கூப்பிட்டதே ஷோகேஸ் வீடியோவை மெயிலில் பார்த்த பிறகுதான், அதையும் சொல்ல வேண்டும். 7.5ஐப் பற்றி நானே வாய்விட்டுக் கேட்டேன். "கேட்சர்தானே" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு இன்னும் பொருட்டுதான். வீடியோ உதவியது, ஏற்பாடு நன்றாக இருந்தது, வழியும் திறந்தது. இருந்தும் தெரிந்தவர் யாராவது ஒன்பதாவது படிக்கும் கேட்சரைக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல டிரைபாடும் வலைக்கு உள்ளே நின்று எடுக்க ஒரு நண்பரும் இருந்தால் அந்த வீடியோவில் முக்கால் பங்கு வந்துவிடும்.

நண்பரின் பையன் பிட்சர், அது வேறு கதை. பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன் காட்டும் எண் யாருக்கும் விளக்கம் சொல்லாமலே பேசும். வலது கைக்காரன் மணிக்கு 90 மைலை நெருங்கினால் எந்த ஊரில் எறிந்தாலும் ஆள் வரும். அப்போது கோடையில் ஒரு நல்ல ஷோகேஸுக்குத் தாராளமாகப் போகலாம். எண் இன்னும் வரவில்லையென்றால் போய் நிற்பதில் லாபமில்லை, குறைந்த எண்தான் இணையத்தில் ஏறும். முதலில் உடம்பை வளர்க்கட்டும். எம்.எல்.பியும் யு.எஸ்.ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டியைப் படியுங்கள். வருஷத்தில் குறைந்தது 4 மாதம் போட்டியில் பிட்ச் பண்ணக் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தாற்போல் எறியவே கூடாது என்கிறது. ஓய்வில் இருக்க வேண்டிய கையை, ஒரே ஒரு எண்ணுக்காக ஜனவரிக் குளிரில் முழு வேகத்தில் எறிய வைத்தால் முழங்கைதான் பதில் சொல்லும். ஜனவரி ஷோகேஸுக்குக் கூப்பிடும் மெயில் இருந்தால் இப்போதே டெலீட் செய்துவிடுங்கள் தம்பி.