புது கேமராவில் படம் வெளுக்கிறதா? குறுவையும் சம்பாவும் தாண்டிய பிறகு எழுதுவது

இந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கி ஒரு குறுவை, ஒரு சம்பா முடிந்து, அடுத்த நடவும் தொடங்கிவிட்டது. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், ஆரம்ப நிலை பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா). ஆட்டோஃபோகஸ் அருமை, பேட்டரி சுமார், வீடியோ எனக்குத் தேவையில்லை. இதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது இதில் வெளிச்சம் அதிகமாகிப் படம் வெளுத்துப்போவதைப் பற்றி மட்டும்.

முதலில் கண்ணில் பட்டது வயல் படங்களில்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, உழுது சேறடித்த வயலில் கொக்குகள் இறங்கி நிற்கும். சேறு நல்ல கறுப்பு. கொக்கு நல்ல வெள்ளை. திரையில் காட்டியதும் பெரியப்பா சொன்னார்: "என்னடா இது, கொக்கு நின்ன இடத்துல காகிதத்தை வெட்டி எடுத்த மாதிரி இருக்கு!" இறகு ஒன்றுகூடத் தெரியவில்லை.

வாங்கிய கடையில் கேட்டால், "அப்படித்தான் சார் இருக்கும், கம்ப்யூட்டர்ல குறைச்சுக்கலாம்" என்றார்கள். குறைக்க முடியாது. முழுதாக வெளுத்த இடத்தில் விவரம் பதிவாகியே இருக்காது. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ராவ் ஃபைலில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மீட்கலாம், அவ்வளவுதான். கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் அதுவும் இல்லை. பிறகு குறைத்தால் வெள்ளைக் கொக்கு சாம்பல் கொக்காகும், இறகு திரும்பாது.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது சேறா சுண்ணாம்பா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். காட்சியில் முக்கால்வாசி கறுஞ்சேறு என்றால் வெளிச்சத்தைக் கூட்டும், நடுவில் நிற்கும் வெள்ளை அடிபடும். இதே கேமராவை வேதாரண்யம் உப்பளத்துக்குக் கொண்டுபோனால் நேர்மாறாக நடக்கிறது. எங்கு பார்த்தாலும் வெள்ளை என்பதால் வெளிச்சத்தைக் குறைத்து, உப்புக் குவியலை அழுக்குச் சாம்பலாக்கிவிடுகிறது. அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பாடியில் பழுதில்லை என்று எனக்கு உறுதியானது. பழுதென்றால் இரண்டு இடத்திலும் வெளுத்திருக்க வேண்டும்.

ஆகவே வயலில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா வைக்கும் வெளிச்சத்தை நாம் ஸ்டாப் கணக்கில் கூட்டிக் குறைக்கும் வசதி) -0.7, கொக்கு சின்னதாகத் தெரிந்தால் -1.3 வரை இறக்கிவிடுகிறேன். உப்பளத்தில் +1.

முகங்களில் இதே கதை வேறு மாதிரி வருகிறது. முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ப வெளிச்சம் வைக்கும் வசதி வாங்கும்போதே ஆன் ஆகி இருக்கிறது. வெயிலில் வேலை செய்து கறுத்த முகம், தோளில் வெள்ளைத் துண்டு. கேமரா முகத்தைச் சாம்பல் அளவுக்கு ஏற்றிவிடும், துண்டின் மடிப்பெல்லாம் போய்விடும். ஊர் ஸ்டுடியோக்களில் பணம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை இது இலவசமாகச் செய்கிறது! எனக்கு அது வேண்டாம். கறுத்த முகம் கறுப்பாகவே அழகு. மெனுவில் அதை அணைத்துவிட்டேன்.

உச்சி வெயில் சமாச்சாரம் தனி. 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் துவாரம் பெரிது) வைத்துப் பின்னணியை மங்கலாக்க எல்லாருக்கும் ஆசை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தெளிந்த வெயிலுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் அளவு) 100-ல் எஃப் 16, ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. எஃப் 1.8-க்கு அது கிட்டத்தட்ட 1/8000 ஆகிறது. இந்த பாடியின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-ஓடு நின்றுவிடும். மிச்சம் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போக இடமில்லை. ஷட்டர் எண் கண் சிமிட்டி எச்சரிக்கும், அவசரத்தில் நாம் பார்ப்பதில்லை. எஃப் 4-க்குப் போகலாம், இதைவிட வேகமான எலக்ட்ரானிக் ஷட்டர் போடலாம், இல்லாவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டலாம். பகலில் ஃப்ளாஷ் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஷட்டர் 1/200-க்கு மேல் ஏறாது, அந்த வெயிலுக்கு எஃப் 11 வேண்டும். எஃப் 2.8 வைத்தால் 16 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் வேலை செய்யும் வசதி) உள்ள ஃப்ளாஷ் இருந்தால் தப்பிக்கலாம்.

என்னை அதிகம் படுத்தியது கனகாம்பரம். கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தலையில் நெருக்கமாகக் கட்டிய சரம். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம், வலது ஓரத்தில் முட்டினால் வெளுப்பு) ஒழுங்காக இருந்தது, வெளுத்த இடம் கண் சிமிட்டும் எச்சரிக்கையும் இல்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் இதழுக்கு இதழ் பிரிவே இல்லை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. பக்கத்திலிருந்த மல்லிகையோ மொட்டு மொட்டாகத் தெளிவு. நான் பார்த்தது மொத்த வெளிச்சத்தின் ஹிஸ்டோகிராம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கனகாம்பரம், குங்குமம், அரக்குச் சிவப்புத் திருபுவனம் பட்டு, மூன்றும் இந்த வகை. இப்போதெல்லாம் கல்யாணத்தில் அந்த மூன்று கோடுகளைத்தான் பார்க்கிறேன். சிவப்பு ஓரத்தைத் தொட்டால் இன்னும் கொஞ்சம் இறக்குவேன். கேமராவின் ‘விவிட்' கலர் ஸ்டைலையும் எடுத்துவிட்டேன், அது சிவப்பை இன்னும் தள்ளுகிறது.

தாராசுரம் கோயிலில் மண்டபத்துக்குள் நிழலில் ஆளை நிறுத்தி எடுத்தால் தூணுக்கு வெளியே பிராகாரம் வெளுக்கும். அதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவ்வளவு வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்தில் அடங்காது. காலையிலோ சாயங்காலமோ போங்கள்.

உண்மையான பழுதும் ஒன்று இருந்தது, லென்ஸில். அந்த 50 எம்எம் ஒரு நண்பரிடம் கைமாறி வாங்கியது. எஃப் 2-ல் சரியாக வரும், எஃப் 8-க்குப் போனால் வெளுக்கும். சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள்: ஸ்டாண்டில் மாட்டி, சுவரைப் பார்த்து வைத்து, மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ மாற்றாமல் எஃப் 4-க்கு 1/1000, எஃப் 8-க்கு 1/250, எஃப் 16-க்கு 1/60 என்று எடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எஃப் எண் ஏற ஏற படம் வெளுத்தால் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கும் அப்பர்ச்சர் பிளேடு மூடவில்லை என்று அர்த்தம். என் லென்ஸில் பிளேடில் எண்ணெய் கசிந்து ஒட்டியிருந்தது, கழுவிக் கொடுத்தார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் சர்வீஸுக்குப் பாடியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் அனுப்பிய இடத்தில் லென்ஸைக் கேட்கவே இல்லை, ‘பாடியில் குறையில்லை' என்று ஒரு சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள், செக்கிங் சார்ஜ் தனி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொன்று வரும். ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்து படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறும். அது எக்ஸ்போஷர் கோளாறு இல்லை. பையை மூடியே வைத்திருந்து கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிடும்.

கேமராத் திரையின் வெளிச்சத்தை ஆட்டோவில் விடாமல் நடுவில் நிறுத்தி வைத்தது பெரிய உதவி, இல்லாவிட்டால் படம் வெளுத்ததா இல்லையா என்று திரையை நம்ப முடியாது. இன்னும் தீராத குறை ஒன்றுதான்: மேலே இருக்கும் காம்பென்சேஷன் டயலுக்கு லாக் கிடையாது. பையிலிருந்து உருவும்போது தானாகவே +1, +2 என்று திரும்பிக்கொள்கிறது. பூஜ்யத்தில் வைத்து ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். காம்பென்சேஷனைப் பின்பக்கச் சக்கரத்துக்கு மாற்ற மெனுவில் வழி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.