12 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவும் ஒரு மாரிகூடத் தாங்காத சுவரும்: தாழ்நிலத்தில் மண் நிரப்புவோர் கவனத்துக்கு

கடனீரேரி ஓரமாகவோ வயற்கரையிலோ காணி வாங்கி, மண் நிரப்பி, வீடு கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதை இறுதிவரை வாசிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் காணியின் தெற்கெல்லையில், 12 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா கொடுத்துக் கட்டுவித்த 60 அடி நீளத் தாங்குசுவரில் பாதி, கடந்த வார மழையில் அத்திவாரத்தோடு பொருந்தும் இடத்தில் முறிந்து பக்கத்து வயலுக்குள் விழுந்து கிடக்கிறது. மற்றப் பாதி சரிந்து நிற்கிறது. கட்டி முடித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பணம் வாங்கிய நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நகரத்தில் குளிரூட்டிய அலுவலகம் வைத்துக்கொண்டு, வரைபடம் முதல் வீட்டுத் திறப்பைக் கையில் தருவது வரை எல்லாம் தாங்களே செய்வதாக முகநூலில் விளம்பரம் போடும் வகையைச் சேர்ந்தது அது. அப்படிப்பட்டவர்களிடம் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகத் தருகிறேன்.

வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் சில அடி தோண்டினாலே சுண்ணக்கல் வந்துவிடும். பெய்யும் மழை அதனூடே கீழே இறங்கிவிடும். எங்கள் பக்கம் அப்படியல்ல. கார்த்திகை பிறந்தால் நிலத்தடி நீர் மேலெழுந்து தரைமட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்ட எவரும் இங்கே தரையை உயர்த்தாமல் வீடு கட்டத் துணியமாட்டார்கள். ஆகவே ஆறரை அடி உயரத்துக்கு, அதாவது 2 மீற்றருக்குக் கிறவல் போட்டு நிரப்புவதென்றும், அது வயலுக்குள் சரியாமல் எல்லையில் கொங்கிறீற்றுத் தாங்குசுவர் எழுப்புவதென்றும் தீர்மானித்தோம். எல்லைக்கு மதில் கட்டுவதைப் போன்ற வேலை அல்ல இது, மண்ணின் தள்ளலைக் கணக்கிட்டுச் செய்யவேண்டியது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே ஊர் மேசனை அழைக்காமல், பொறியியலாளர்கள் இருப்பதாகச் சொன்ன அந்த நிறுவனத்துக்குப் போனோம்.

காணியைப் பார்க்க வந்தவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர், மிகவும் பணிவானவர். படலையைத் திறந்து உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, "நீங்கள் மாஸ்டரின்ரை மகள் எல்லோ? நான் அவரிட்டைக் கணக்குப் படிச்சனான் அக்கா" என்றார். என் தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு அவருடைய பெயரை அவ்வளவு மரியாதையோடு ஒருவர் சொன்னபோது, அவரை வெறும் வியாபாரியாக நினைக்க என் மனம் இடந்தரவில்லை. காணியில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மண் பரிசோதனை முடிந்தது என்றார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, சுவரை நிறத்தோடு எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்டினார். கீழ் மூலையில் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. அன்று மாலையே முற்பணமாக 5 இலட்சம் ரூபா செலுத்தினோம். அத்திவாரம் முடிந்ததும் 4 இலட்சம். சுவர் எழுந்ததும் 3 இலட்சத்து 40 ஆயிரம். என் கணவர் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் பெரும்பகுதி அது.

பலகை அடித்துக் கொங்கிறீற்றுப் போடும் நாளில் நான் ஒரு கேள்வி கேட்டேன். பிரதான வீதிகளின் ஓரத்திலுள்ள தாங்குசுவர்களில் தண்ணீர் வெளியே வர வரிசையாகக் குழாய்கள் வைத்திருக்கிறார்களே, எங்கள் சுவரில் ஒன்றையும் காணவில்லையே என்றேன். "துளை வைச்சா மண் கரைஞ்சு போயிடும் அக்கா. இது கொங்கிறீற்று, தண்ணிக்கு அசையாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பொறியியல் படித்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், தன்னை நம்பிப் பணம் கொடுத்தவரிடம், இத்தொழிலின் அரிச்சுவடிக்கே முரணான ஒன்றைத் தயக்கமின்றிச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சுவர் விழுந்த பின்னர், எங்கள் உறவினரான ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்தார். முறிந்த இடத்தில் குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தொட்டு, "பிள்ளை, கம்பி இருக்க வேண்டிய பக்கம் இது இல்லை" என்றார். மண் பின்னாலிருந்து தள்ளும்போது சுவரின் மண்பக்க முகமே இழுபடுகிறது. கொங்கிறீற்று நசுக்கலைத் தாங்குமே தவிர, இழுவையில் அதன் பலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆதலால் பிரதான கம்பிகள் மண்பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் சுவரில் அவை வயற்பக்கத்தில் நின்றன. அத்திவாரத்திலிருந்து மேலெழுந்து சுவர்க் கம்பியோடு சேரவேண்டிய 10 மில்லிமீற்றர்க் கம்பிகள் ஒரு சாண் உயரத்தோடு முடிந்திருந்தன. குறைந்தது விட்டத்தின் 40 மடங்கு, அதாவது 400 மில்லிமீற்றராவது ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும் என்றார் அவர். உப்புக்காற்றும் உவர்நீரும் உள்ள இடத்தில் கம்பியை மூடி 50 மில்லிமீற்றர்க் கொங்கிறீற்றாவது இருக்க வேண்டும். இங்கே பெருவிரல் அகலம்கூட இல்லாமல், கம்பியின் தடம் துருவாகச் சுவரில் தெரிந்தது.

பிறகு அந்நிறுவனம் தந்த பற்றுச்சீட்டின் பின்பக்கத்திலேயே பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கனமீற்றர்க் கிறவலின் நிறையை 18 கிலோநியூட்டன் என்றும், அதன் உராய்வுக் கோணத்தை, அதாவது கொட்டிய மண் சரியாமல் நிற்கக்கூடிய சாய்வை, 30 பாகை என்றும் கொண்டால், 2 மீற்றர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் மண் 12 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். அதாவது ஏறத்தாழ 1.2 தொன். அது காய்ந்த மண்ணின் கணக்கு. வெளியேற வழியில்லாமல் சுவரின் உச்சிவரை தண்ணீர் நிறைந்தால், தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 20 கிலோநியூட்டன் தள்ளும். நீரில் மிதந்து நிறை குறைந்த மண் இன்னும் 6 தள்ளும். 12 ஆக இருந்தது 26 ஆகிவிடும். சுவருக்கு அருகே வாகனம் நிறுத்துவதற்காகச் சதுர மீற்றருக்கு 10 கிலோநியூட்டன் பாரம் என்று எடுத்தால் மேலும் 6.7 சேரும். அத்திவாரத்தின் அகலம் சுவரின் உயரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை இருப்பது வழக்கமாம். எங்களுக்குப் போட்டிருந்தது மூன்றடி. பாதிக்கும் குறைவு.

இவையெல்லாம் தவறிப்போன வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, வரைபடத்தை மேசையில் விரித்தபோதுதான் முழு உண்மையும் வெளிச்சமானது. சுவரின் வெட்டுமுகத்துக்கு அருகில், சிறிய எழுத்தில், உயரம் 1,500 மில்லிமீற்றர் என்று இருந்தது. குறிப்புப் பகுதியில், நிரப்பு மண் காய்ந்தது, நிலத்தடி நீர் இல்லை என்று எழுதியிருந்தது. ஐந்தடிச் சுவருக்காக வேறெங்கோ, வேறு யாருக்கோ போட்ட படம்! அதில் எங்கள் காணியின் முகவரியை மட்டும் மாற்றி, எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். சுவரின் அடியில் உண்டாகும் திருப்புவிசை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், ஒன்றரை மீற்றர் இரண்டு மீற்றராகும்போது காய்ந்த மண்ணுக்கே அது 2.4 மடங்காகிறது. இதற்கு மேல் தண்ணீர். கைப்பிடி மண்ணை அழுத்திப் பார்த்தது, குறிப்பேட்டில் எழுதியது, என் தந்தையாரின் பெயரைச் சொன்னது எல்லாம் எதற்காக என்று இப்போது விளங்குகிறது. 12 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்கு ஒரு கணக்குக்கூடப் போடவில்லை.

விழுந்த அன்றே தொலைபேசியில் அழைத்தோம். "சேர் சைற்றிலை நிக்கிறார், வந்தவுடனை எடுக்கச் சொல்லுறன்" என்றது வரவேற்பிலுள்ள பிள்ளை. அவர் எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தமைக்கு நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை. நேரே போய் நின்றபோது, இது இயற்கை அனர்த்தம், ஒப்பந்தத்தில் அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று இருக்கிறது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் கார்த்திகையில் மழை பெய்வது இயற்கை அனர்த்தமாம்! அடுத்து, மண்ணை நாங்கள் இறுக்கிப் போடவில்லை என்றார்கள்; டிப்பர்காரரையும் உருளையையும் அனுப்பியவர்கள் அவர்களே. அதன் பின்னர், வரைபடம் போட்டவர் கொழும்பிலுள்ள பொறியியலாளர், அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். பெயரைக் கேட்டால் தரமாட்டார்கள். கடைசியில் அந்த "மாஸ்டரின் மாணவர்" வெளியே வந்து, புதிய சுவர் கட்டுவதென்றால் பத்து வீதம் கழிவு தரலாம் என்றார். அப்போது அவர் என்னை அக்கா என்றும் அழைக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பக்கத்து வயற்காரரின் காலபோக நெல் முப்பதடி நீளத்துக்குக் கிறவலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அந்த நட்டத்தையும் நாங்கள்தான் கொடுக்கப் போகிறோம். 12 இலட்சத்து 40 ஆயிரத்தில் ஒரு சதம்கூட இதுவரை திரும்பவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது எழுத முடிந்தது இவ்வளவுதான். படத்தோடு கணக்குத் தாள்களையும் கேளுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த உயரத்துக்கு, எந்த நீர்மட்டத்துக்கு, எவ்வளவு பாரத்துக்குக் கணக்கிட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐந்தாறு அடிக்கு ஒன்றாக நீர் வெளியேறும் குழாயும், அதற்குப் பின்னால் சல்லியும் இல்லாத தாங்குசுவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொங்கிறீற்றுப் போடுவதற்கு முன் கம்பியைப் படமெடுத்து, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு பொறியியலாளருக்குக் காட்டுங்கள். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியலாளர்களுக்குப் பதிவு உண்டு. முத்திரையைப் பார்க்காமல் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். கடைசித் தவணையை ஒரு மாரி கழியும்வரை கொடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறோம், சட்டத்தரணியையும் பார்க்கிறோம். சரிந்து நிற்கும் மற்றப் பாதியும் விழுவதற்கு முன் அதன் பின்னாலுள்ள கிறவலை வெட்டி இறக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் போக வேண்டும். இதே நிறுவனத்திடம் தாங்குசுவர் கட்டியவர்கள் வேறு யாரும் இருந்தால், உங்கள் வரைபடத்திலும் உயரம் 1,500 என்று இருக்கிறதா என்று உடனே பாருங்கள்; இருந்தால் எனக்கு எழுதுங்கள்.