லினக்ஸில் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி: கார்டு சொந்தம், கேம் இரவல்

லினக்ஸில் கேம் ஆட ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டை வாங்கலாமா என்றால், வாங்கலாம். 16 ஜிபி மெமரி, டிரைவர் தேடி அலைய வேண்டாத நிம்மதி, ஸ்டீம் என்ற கேம் கடையின் நூலகத்தில் உள்ள பெரும்பாலான விண்டோஸ் கேம்களைச் சத்தமில்லாமல் ஓட்டும் திறன் எல்லாம் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் வந்த கார்டை 2023-இன் டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) செருகிவிட்டு "லினக்ஸே இப்படித்தான்" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

முதலில் கரண்ட் கணக்கு. கார்டின் அடிப்படை இழுவை 304 வாட். தயாரிப்பாளர்கள் முடுக்கிவிட்ட மாடல்கள் இன்னும் கூடுதலாக இழுக்கும். ஏஎம்டி 750 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், ஒவ்வொரு 8 பின் இணைப்பும் 150 வாட் தரும். அதனால் இரண்டு 8 பின் உள்ள மாடலுக்கு 375 வாட் வரை இடமுண்டு. கணக்கு சரியாக இருந்தும் சறுக்கல் நடப்பது கேபிளில். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு தலைகளையும் கார்டில் மாட்டிவிடுவார்கள். டெஸ்க்டாப்பில் ஒன்றும் தெரியாது. கேமில் சுமை ஏறும்போது சிஸ்டம் பட்டென்று அணைந்து ரீபூட் ஆகும், லாகில் ஒரு வரிகூட இருக்காது. டிரைவர் கோளாறு என்று நாள்கணக்கில் நோண்டுவதற்கு முன், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள் இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை. பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்மை அணைத்து, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் அணுக உதவும் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் இயக்க வேண்டும். லினக்ஸைப் பழைய லெகசி முறையில் நிறுவியிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் அது பூட் ஆகாது. யூஇஎஃப்ஐ முறையில் திரும்ப நிறுவுவதுதான் சுலபமான வழி. ரீசைசபிள் பார் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கெர்னலின் டிமெஸ்ஜி (dmesg) லாகில் பார்க்கலாம். கார்டின் மெமரி அளவைச் சொல்லும் வரியிலேயே பார் (BAR) என்று ஓர் எண் வரும். அது 256எம் என்றிருந்தால் பயாஸுக்குத் திரும்பிப் போங்கள். 16384எம் என்றிருந்தால் வேலை முடிந்தது.

கறுப்புத் திரைப் புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் மென்பொருளில்தான். இந்தக் கார்டுக்கு மூன்று துண்டுகள் சேர்ந்து பொருந்த வேண்டும்: கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), மீசா (கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு), லினக்ஸ் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏறும் நிரல்). கெர்னல் 6.12-க்குக் கீழே, மீசா 25.0-க்குக் கீழே போக வேண்டாம். டெபியன் 12-இல் கெர்னல் 6.1, மீசா 22.3, இந்தக் கார்டுக்கு அது ஆகாது. டெபியன் 13, ஃபெடோரா 42, உபுண்டு 25.04 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பிந்திய பதிப்புகளிலும் தொல்லையில்லை. உபுண்டு 24.04-ஐ விட மனமில்லாதவர்கள் 24.04.3 நிறுவல் கோப்பை எடுத்தால் கெர்னல் 6.14, மீசா 25.0 கூடவே வரும்.

பழைய சிஸ்டத்தில் கார்டை மாற்றிவிட்டுத் திரை வராதவர்கள் பூட் மெனுவில் நோமோட்செட் (கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவைக்கும் கட்டளை) சேர்த்து உள்ளே நுழைவார்கள். அதுவரை சரி. அப்டேட் முடிந்ததும் அதைப் பூட் மெனுவை நடத்தும் க்ரப் அமைப்பிலிருந்து நீக்க மறந்துவிடுவார்கள். பிறகு எல்லாம் புதிதாக இருந்தும் கேம் நொடிக்கு நாலு ஃப்ரேம் நகரும். சிஸ்டம் விவரப் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயருக்குப் பதில் எல்எல்விஎம்பைப் என்று எழுதியிருந்தால், படம் வரையும் வேலை முழுவதையும் பிராசசர் சுமக்கிறது என்று பொருள்.

டிவியில் இணைத்து ஆடுகிறவர்களுக்குக் கார்டின் ஒரே பெரிய குறை எச்டிஎம்ஐ. பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருக்கும். வன்பொருளும் அதற்குத் தயார்தான். ஆனால் ஏஎம்டி எழுதிய திறந்தமூல 2.1 டிரைவரை வெளியிட, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது. அதனால் கார்டு வந்தபோது லினக்ஸில் கிடைத்தது எச்டிஎம்ஐ 2.0 அளவு வேகம்: 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு, 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் நிறத் தரத்தைக் குறைத்து. 120-இல் எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரிவது அதனால்தான். மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகிவிட்டு இந்தப் பத்தியை மறந்துவிடலாம். டிவிக்கு டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் உதவும்; ஆனால் விஆர்ஆர் (ஃப்ரேம் வேகத்துக்கேற்பத் திரையின் வேகம் மாறும் வசதி) வேலை செய்வது அடாப்டரின் ஃபர்ம்வேரைப் பொறுத்தது. காசு கொடுத்து வாங்கிய வன்பொருளின் ஒரு பகுதியை ஓர் உரிமச் சண்டை பூட்டி வைத்தது. இந்த விமர்சனத்தில் உரிமம் தலைகாட்டும் முதல் இடம் இது.

கேம் ஓடும் விதம் பற்றி நீட்டி முழக்க ஏதுமில்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவது, ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018-இல் வெளியிட்ட ப்ரோட்டான்; அது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயினின் மேல் கட்டியது. விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸில் 11 வரையிலான அழைப்புகளை டிஎக்ஸ்விகே, 12-ஐ விகேடி3டி ப்ரோட்டான் என்று இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வல்கன் என்ற கிராபிக்ஸ் மொழிக்கு மாற்றுகிறார்கள். இந்தக் கார்டில் அதை வாங்கி வேலை செய்வது மீசாவின் ராட்வி டிரைவர். ஏஎம்டியே 2025-இல் தன் சொந்த ஏஎம்டிவிஎல்கே டிரைவரைக் கைவிட்டு ராட்விக்கு வந்துவிட்டது என்பதால், எது நல்லது என்ற பழைய பட்டிமன்றமும் முடிந்தது. ரே டிரேசிங்கில் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறையில்) மட்டும் விண்டோஸ் டிரைவரை ராட்வி இன்னும் விரட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீசா புதிதாக இருக்க இருக்க இடைவெளி குறைகிறது.

கேமே திறக்கவில்லை என்றால் கார்டைத் திட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: கேம், விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இருக்கிறதா? விண்டோஸோடு பகிரலாமே என்ற ஆசையில் பலர் அப்படி வைக்கிறார்கள். ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் கம்பாட்டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு போலி சி டிரைவை உருவாக்கும். அங்கே பெயரில் முக்காற்புள்ளி கொண்ட இணைப்புகள் வரும். விண்டோஸ் விதிப்படி என்டிஎஃப்எஸ்ஸில் அது செல்லாத பெயர். பிளே அழுத்தினால் பொத்தான் ஸ்டாப் என்று மாறி, இரண்டு நொடியில் மறுபடி பிளே ஆகும். லினக்ஸின் வடிவங்களான எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனுக்குக் கேமை மாற்றினால் தீரும்.

ஆன்டி சீட் (ஆட்டத்தில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) சமாச்சாரத்தில் கார்டுக்குப் பங்கில்லை. ஈசி ஆன்டி சீட்டும் பேட்டில்ஐயும் 2021 முதல் ப்ரோட்டானை ஏற்கின்றன. ஆனால் அதைத் திறந்துவிடுவது கேம் நிறுவனத்தின் விருப்பம். திறந்ததை மூடவும் முடியும்: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸைத் தடுத்தது. வேலரண்ட், ஃபோர்ட்நைட்டுக்காக இந்தக் கார்டை வாங்குவதாக இருந்தால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உரிமம். கெர்னல் டிரைவரின் மூலநிரல் திறந்தது. மீசா பெரும்பாலும் எம்ஐடி என்ற திறந்தமூல உரிமம். ஒயின் 2002 முதல் எல்ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமம். ஃபர்ம்வேர் மட்டும் மூடிய பைனரி. அதையும் டிஸ்ட்ரோக்கள் விநியோகிக்க அனுமதி இருக்கிறது. ஏஎம்டி நாளைக்கே கவனிப்பை நிறுத்தினாலும் இந்தக் கார்டு பல வருடம் ஓடும். சலித்துப் போனால் கார்டை யாருக்கும் விற்கலாம், யாரும் கேட்க முடியாது.

அதில் ஆடும் கேமுக்கு அந்தச் சலுகை இல்லை. டிஜிட்டல் கடைகள் விற்பது உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிபோர்னியா சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்குச் சில மாதம் முன்பே ஸ்டீமின் வாங்கும் கூடைப் பக்கத்தில் அந்த வரி ஏறிவிட்டது. வாங்கிய கேமை மறுவிற்பனை செய்ய பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டு 2019-இல் வென்றது. 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் வால்வ் பக்கமே நின்றது. தி க்ரூ கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் அணைத்தபோது, டிஸ்க்காக வாங்கியவர்களாலும் ஆட முடியவில்லை.

லினக்ஸ்காரர்களுக்கு இதில் தனிக் குத்து ஒன்று உண்டு: டெனுவோ என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு. இந்தப் பூட்டுள்ள கேமில் ப்ரோட்டான் பதிப்பை மாற்றினால், டெனுவோ அதைப் புதுக் கணினியாக எண்ணிக்கொள்ளும். கேம் தடுமாறுகிறது என்று ப்ரோட்டான் 9, 10, எக்ஸ்பெரிமென்டல், ஜிஇ என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பது லினக்ஸில் சாதாரணப் பழக்கம். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 5 கணினிதான் வரம்பு. அதைத் தாண்டினால் காசு கொடுத்தவரையே ஒரு நாள் வெளியே நிறுத்திவிடும். கடைப் பக்கத்தின் வலப்புறம் டெனுவோ பெயர் இருந்தால், எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பயனர்கள் தங்கள் அனுபவத்தைப் பதியும் ப்ரோட்டான்டிபி தளத்தில் முன்கூட்டியே பார்த்து அதை மட்டும் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் தேர்ந்தெடுங்கள். ஓடவே இல்லையா? வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பும். கேமின் லாஞ்சரைத் திறந்துவைத்துக் குழப்பத்தோடு முட்டிக்கொள்ளும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும் என்பதால் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

ஒரே கேம் ஜிஓஜி என்ற கடையிலும் இருந்தால் அங்கே வாங்குவதே நம் தேர்வு. அங்கேயும் கையில் வருவது உரிமம்தான். ஆனால் இன்ஸ்டாலரைத் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், டிஆர்எம் (நகல் பூட்டு) கிடையாது. ஹீரோயிக் அல்லது லூட்ரிஸ் லாஞ்சர் வழியாக அதே ப்ரோட்டானில் ஓடும். இறக்கும்போது எக்ஸ்இ கோப்போடு கூடவரும் பின் (.bin) கோப்புகள் அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் இன்ஸ்டாலர் பாதியில் நின்றுவிடும்.