கிறிஸ்துமஸ் ஷாப்பிங்: தி.நகரா, பாரிமுனையா, மாலா?

டிசம்பர் இரண்டாவது வாரம் தாண்டிவிட்டால் சென்னையில் கடைக்குப் போவதே பெரும்பாடு. கூட்டத்தை நாம் குறைக்க முடியாது. ஆனால் எதை எங்கே வாங்குவது என்று பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். அதற்கு முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தப் பொருளை மாற்றுவதற்காக மறுபடி வரவேண்டியிருக்குமா?

தி.நகர்

பிள்ளைகளின் வெள்ளை ஃபிராக்கில் தொடங்கி பட்டுப்புடவை வரை, துணிக்கு இந்த ஏரியாதான். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் 2023இல் திறந்த நடைமேம்பாலம் வழியாக ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடலாம். கார் வேண்டவே வேண்டாம்.

எரிச்சல் தொடங்குவது பில் போடும் இடத்தில். பெரிய கடைகள் பலவற்றில் மாடிக்கு மாடி தனி பில். சீட்டோடு கேஷ் கவுன்ட்டரில் ஒரு வரிசை, கட்டிய பில்லோடு டெலிவரி கவுன்ட்டரில் இன்னொரு வரிசை. மூன்று மாடியில் வாங்கினால் ஆறு தடவை நிற்கவேண்டும். இருவராகப் போனால் ஒருவர் வரிசையில் நிற்கும்போதே மற்றவர் அடுத்த மாடியில் துணி எடுத்துவிடலாம். உள்ளே சிக்னல் கிடைக்காமல் யுபிஐ தொங்கும், கையில் ரொக்கம் இருக்கட்டும். பணம் பிடித்தும் கடைக்குப் போய்ச் சேரவில்லையென்றால் 5 நாளுக்குள் கணக்கில் திரும்ப வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

நெரிசல் நாட்களில் ட்ரையல் ரூமை நம்பாதீர்கள். பிள்ளைக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ஃபிராக் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், புதியதன் மேல் விரித்து, தோள், மார்பு, உயரம் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்து எடுத்தால் ஏமாறுவீர்கள்; ஒரே 24ஆம் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாற்றித்தருவார்கள், ஆனால் பில்லும் டேக்கும் வேண்டும், பல கடைகளில் சனி ஞாயிறு மாற்ற முடியாது. எனவே டிசம்பர் 15க்கு முன், வார நாளில், கடை திறந்ததும் போவதே நல்லது. புடவையென்றால் நவம்பரிலேயே, பிந்தினால் பிளவுஸ் தைக்க டெய்லர் ஆர்டர் எடுக்கமாட்டார்.

பாரிமுனை

ஸ்டார், சீரியல் லைட், மரம், குடில் சொரூபங்கள் எல்லாம் இங்கே மொத்த விலைக்கு அருகில் கிடைக்கும். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். திரும்பக் கொண்டுபோனால் மாற்றித்தருவது அபூர்வம். அதனால் அங்கேயே சோதித்துவிட வேண்டும். சீரியல் லைட்டைப் பிளக்கில் செருகி, எரியும்போதே வயரை முழு நீளத்துக்கும் லேசாக அசைத்துப்பாருங்கள். இணைப்பு தளர்ந்திருந்தால் ஒரு பகுதி மட்டும் அணைந்து எரியும். பேப்பர் ஸ்டாருக்குள் குண்டு பல்பு போட்டால் சூட்டில் தாள் கருகும், 5 வாட் எல்இடி போதும்.

குடில் செட்டைப் பெட்டியோடு வாங்கிவந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணுங்கள். ஞானிகள் மூவரும் இருக்கிறார்களா, குழந்தை இயேசுவின் விரலும் ஆட்டின் காலும் முழுசாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முதலில் உடைவது இவைதான்.

மால்

விலை கூடுதல், வார இறுதியில் பார்க்கிங்குக்கே நீண்ட வரிசை. ஆனால் ட்ரையல் ரூம் உண்டு, சைஸ் ஒழுங்காக இருக்கும், பல பிராண்டுகள் வேறு கிளையிலும் மாற்றித்தரும். பரிசுக்கு வாங்குவதென்றால் அளவு தெரியாமல்தான் வாங்குவோம். அதற்கு மால்தான் சரி. பணத்தைத் திருப்பாமல் கிரெடிட் நோட் (அந்தத் தொகைக்குப் பிறகு அங்கேயே வாங்கிக்கொள்ளும் சீட்டு) தருவது வழக்கம், காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடவடிக்கை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதெல்லாம் இதில் வராது, அதற்குக் கடை விதிதான்.

23, 24ஆம் தேதிவரை தள்ளிப்போட்டுவிட்டால் தி.நகர் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ரெடிமேட் எடுங்கள். சைஸ் தவறினாலும் அன்று மாலையே நடந்துபோய் மாற்றிவிடலாம்.