பேனையை ஆட்டிப் பார்த்து வாங்கிய மொனிட்டர்

கல்யாணக் கார்ட் வடிவமைக்கிற எனக்கு இரவு வேலைதான் அதிகம். பழைய மொனிட்டரில் வெளிச்சத்தைக் குறைத்தால் அரை மணித்தியாலத்தில் தலையிடி. அதன் பின்விளக்கு உண்மையில் மங்குவதில்லை; செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிகிறது. வெளிச்சம் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் கூடும்.

இந்த முறை திருகோணமலை என்.சி. வீதிக் கடையில் லைட்டை அணைக்கச் சொல்லி, மொனிட்டர் வெளிச்சத்தை 20க்கு இறக்கி, வெள்ளைத் திரைக்கு முன்னால் பேனையை வேகமாக ஆட்டினேன். முதலாவதில் ஒரு பேனை பல பேனைகளாகத் தனித்தனியே தெரிந்தது; அதுவும் அணைந்து எரிகிற வகை. இரண்டாவதில் விசிறி போல ஒரே மங்கல். அது விளக்கை அணைக்காமல், மின்னோட்டத்தையே கூட்டிக் குறைத்து வெளிச்சத்தை மாற்றுகிற வகை. கடைத் தம்பியும் பொறுமையாக ஆட்டிப் பார்த்தார்.

விலை கொஞ்சம் கூட, கறுப்பும் அவ்வளவு ஆழமில்லை. சரி, அதையே வாங்கினேன். நேற்று இரண்டு மணி வரை வேலை, கண் எரியவில்லை.