கிடுகா, பனையோலையா, மட்டையா? வன்னி வளவுக்கு எந்த வேலி

வன்னியில் வேலி அடைக்க மூன்று பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்: தென்னங்கிடுகு (பின்னிய தென்னோலை), பனையோலை, பனைமட்டை. பளைப் பக்கம் தென்னை தாராளம், பூநகரியில் பனை தாராளம். ஆனால் ஊரில் மலிவாகக் கிடைப்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிழைக்கும். ரோட்டுப் பக்கம், கோடிப்புறம், மாடு வரும் பக்கம் என்று ஒரே வளவின் நாலு பக்கத்துக்கும் நாலு தேவை இருக்கிறது. கணக்குக்கு 30 அடி நீளம், 6 அடி உயரமான ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

மூன்றில் எதை அடைத்தாலும் அதைத் தாங்குவது கதியால்தான், அதாவது வேர்விட்டுத் தழைக்க நடும் உயிர்த்தடி. ஓலை மாறும், கதியால் நிற்கும். அதனால் தெரிவு அங்கேதான் தொடங்கவேண்டும். சீமைக்கிளுவை கெதியில் தழைக்கும், குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளை, ஆட்டுக்கும் தீனி. ஆனால் தண்ணீர் நிற்கும் பள்ளக்காணியில் அடி அழுகிவிடும். கிளுவை மெதுவாகத்தான் வளரும், கோடையை அது நன்றாகத் தாங்கும். முள்ளுக்கிளுவையானால் ஆடு மாடும் ஒதுங்கும். முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்று படும் இடத்துக்குப் பூவரசு பொருத்தம்.

30 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் 21 கதியால் வேண்டும். மணிக்கட்டுத் தடிப்பில், முற்றிய கொப்பாக, ஏழரை அடி நீளம் வெட்டுங்கள். இளம் பச்சைக் கொப்பு வெயிலில் வதங்கிச் செத்துவிடும். அடியையும் நுனியையும் சரிவாக வெட்டி, நுனியில் சாணம் அப்பிவிட்டால் வெட்டுவாய் காயாது, மழைநீரும் தங்காது. அலவாங்கால் ஒன்றரை அடிக்குக் குழி போட்டு, கதியாலை இறக்கி, சுற்றி மண்ணை இறுக்குங்கள். குழி போடாமல் மேலே அடித்து இறக்கினால் அடியில் பட்டை உரிந்துவிடும். அந்த இடத்தில்தான் வேர் வரவேண்டும், அங்கேதான் அழுகலும் தொடங்கும்.

நடுவதற்குக் காலம் ஐப்பசியில் முதல் மழை மண்ணுக்குள் இறங்கியதும். நட்ட கையோடு ஓலை கட்டுவதுதான் பலர் விடும் பிழை. ஓலை கட்டிய வேலி காற்றைப் பிடிக்கும், கதியால் ஆடும், அப்போதுதான் விட்ட மெல்லிய வேர் அறுந்துபோகும். வெளியே இரண்டு குருத்து விட்டிருப்பதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நம்பக்கூடாது, தடியில் இருக்கும் சத்திலேயே குருத்து வரும். தை, மாசி வரை பொறுத்து, மாரி ஓய்ந்தபின் அடைத்தால் கதியாலும் உறுதிப்பட்டிருக்கும், ஓலையும் கட்டிய உடனே ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காது. வைகாசிக்குப் பிறகு கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும்போது வேலி தயாராக நிற்கும்.

இனி அடைப்பு. கிடுகு பார்வைக்கு மிக ஒழுங்கானது. பின்னல் வரி வரியாகத் தெரிய, முற்றத்துப் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். பின்ன முன்னம் மட்டையை நடுவே பிளந்து, காய்ந்த ஓலையானால் குளத்திலோ கிடங்கிலோ சில நாள் ஊறவிடவேண்டும். ஊறாத ஓலை மடிக்கும் இடத்தில் முறியும், முறிந்த இடத்தால் தண்ணீர் உள்ளே போகும். ஐந்தரை அடிக் கிடுகை அரை அடி மேலேற்றி வைத்தால் ஒரு வரிசைக்கு 6. ஒரு வரிசையில் ஓரடி வெளியே தெரிய, கீழிருந்து மேலாக 6 வரிசை. ஆக 36, உடைசலுக்குச் சேர்த்து 40 வாங்குங்கள். கீழ்வரிசையை முதலில் கட்டி மேல்வரிசை அதை மூடும்படி வரவேண்டும். மாறிக் கட்டினால் மழை இரண்டுக்கும் நடுவில் இறங்கித் தங்கும்.

கிடுகின் குறை ஆயுள். ஒரு மாரியை நன்றாகத் தாங்கும், இரண்டாம் மாரியில் கீழ் இரண்டு வரிசை கறுத்து நைந்துவிடும். அடுக்கு நெருக்கமானதால் ஈரம் காயாது, எலியும் பூச்சியும் தங்கும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். வீட்டோடு ஒட்டிய பக்கத்துக்குக் கிடுகு அடைத்தால் அடியில் மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, அந்த இடத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்திருங்கள்.

பனையோலை அவ்வளவு நேர்த்தியாகத் தெரியாது. ஆனால் ஓலை தடிப்பானது, மழை வழிந்து ஓடிவிடும், இரண்டு வருடம் நிற்கும், நல்ல முற்றிய ஓலை மூன்றுக்கும் கிட்டப் போகும். மறைப்புக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. இதன் தரம் முழுக்க அடைக்க முன்னம் செய்யும் வேலையில் இருக்கிறது. வெட்டிய ஓலையை மட்டை நறுக்கி, விரித்து மிதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாரம் ஏற்றிவிடவேண்டும். படியாத ஓலை வெயிலில் சுருண்டு கோப்பையாகும். கோப்பையான ஓலையைக் கச்சான் பிடித்துப் பிய்த்துவிடும். 30 அடிக்கு இரண்டு வரிசையில், பாதி ஓலை மேலேற்றி வைத்தால் 30 ஓலை போதும். கண் புகாத மறைப்பு வேண்டுமானால் 40. மேல்வரிசை கீழ்வரிசையை அரை அடியாவது மூடவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பனையோலை மாட்டுத் தீனி. கட்டாக்காலி மாடு திரியும் ரோட்டில் பச்சை ஓலையால் அடைத்தால் எட்டும் உயரம்வரை இழுத்துத் தின்றுவிடும். நன்றாகக் காய்ந்தபின் கட்டினால் அந்த ஆசை குறையும், ஆனால் மாடு உரசுவதை ஓலையால் தடுக்கமுடியாது.

அங்கேதான் மட்டை. கருக்குமட்டையை, அதாவது ஓரத்தில் வாள்போல் கருக்குள்ள பனைமட்டையை, நெருக்கமாக நிறுத்தி வரிந்து கட்டினால் மாடு முதுகு தேய்க்காது, ஆடு தலையை நுழைக்காது. இரண்டரை அங்குல அகலமானால் 30 அடிக்கு ஒரு வரிசைக்கு 145 வேண்டும், அது மூன்றரை அடி உயரம் வரும். ஆறடிக்கு இரண்டு வரிசை என்றால் 290. சேர்ப்பதும் சுமப்பதும் வேலைதான், கருக்குக் கையைக் கிழிக்கும், தடித்த கையுறை போடாமல் தொடவேண்டாம். கறையான் அரிக்காமல் விட்டால் நாலைந்து வருடம் நிற்கக்கூடியது. காற்று ஊடே போவதால் கச்சானுக்கு இது சாயாது. மறைப்பு மட்டும் குறைவு, இடுக்கால் உள்ளே தெரியும்.

வன்னிச் செம்மண்ணில் கறையானை மறந்து எந்த வேலியும் அடைக்கமுடியாது. ஓலையின் அடி மண்ணைத் தொட்டால் அதுவே அதற்கு ஏணி. அடியில் இடைவெளி விடுங்கள். கோழி போகும் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் மட்டைத் துண்டை நிறுத்துங்கள், அரித்தால் துண்டைத்தான் மாற்றவேண்டும், ஓலை தப்பும். மண்கூடு ஏறுகிறதா என்று கிழமைக்கு ஒருமுறை நடந்து பார்த்துத் தட்டிவிடுவது போதும். கழிவு ஒயில் பூசும் பழக்கம் உண்டு. உயிருள்ள கதியாலுக்கு அது கூடாது, மண்ணும் கெடும்.

கட்டு. 30 அடிக்கு, குறுக்கே வைத்துக் கட்டும் வரிச்சு மூன்று, உள்ளும் வெளியுமாக 180 அடித் தடி. ஒவ்வொரு வரிச்சிலும் அடிக்கு ஒரு கட்டாக 90 கட்டு, கட்டுக்கு இரண்டு அடிக் கயிறு, அதுவும் 180 அடி. வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் நின்று குத்தூசியால் கயிற்றை வாங்கிக் கொடுத்து இறுக்கவேண்டும், தனியாளாகச் செய்தால் கட்டு தளரும். தென்னங்கயிறோ ஊறவைத்த பனைநாரோ நல்லது. கட்டுக்கம்பி உறுதி என்று தோன்றும், ஆனால் காற்றில் ஆடும்போது ஓலையை அறுக்கும், கதியால் தடிக்கத் தடிக்கப் பட்டைக்குள் இறங்கி அதை நெரித்துவிடும். மூன்று வருடம் வளர்ந்த கதியால் ஒன்று நடுவில் ஒடுங்கி மேலே பட்டுப்போயிருந்தால் பட்டையை விலக்கிப் பாருங்கள், உள்ளே கம்பி இருக்கும். நைலோன் கயிறு வெயிலில் பொடிந்துபோகும்.

தகரமும் பச்சை வலையும் போட்டிக்கு வருகின்றனதான். தகரம் சித்திரை வெயிலில் கொதித்து அருகிலுள்ள பூக்கண்டை வாட்டும், வலை கச்சானில் கிழிந்து தொங்கும். கிணற்றடி, குளியல் மறைப்பு போன்ற சின்ன இடத்துக்குத் தகரம் சரி. வளவு முழுக்க வேண்டாம்.

எங்கள் தெரிவு கலப்புத்தான். ரோட்டுப் பக்கம் கீழே மூன்றரை அடி கருக்குமட்டை, அதன்மேல் ஒரு வரிசை பனையோலை: 145 மட்டை, 15 முதல் 20 ஓலை. மாடு தொடும் உயரத்தில் மட்டை, கண் பார்க்கும் உயரத்தில் ஓலை. முற்றத்துக்குள் பூந்தோட்டத்தைப் பிரிக்கும் நாலடி வேலிக்குக் கிடுகு, அங்கே அழகுதான் முக்கியம், சிறியது என்பதால் வருடாவருடம் மாற்றுவதும் கடினமில்லை. கோடிப்புறத்துக்கு ஓலையே தேவையில்லை, முள்ளுக்கிளுவையை முக்கால் அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, குறுக்கே இரண்டு வரிச்சுக் கட்டிவிடுங்கள். குசினியும் குப்பை கொளுத்தும் இடமும் இருக்கும் பக்கத்துக்கும் இதுவே, காய்ந்த ஓலை அங்கே ஆபத்து.

கொடி விட ஆசைப்படுபவர்களும் அந்த உயிர்வேலியில்தான் விடவேண்டும். பாகல், குறிஞ்சா, முல்லை எதுவானாலும் ஓலைமேல் படர்ந்தால் ஓலை காயாமல் ஒரே மாரியில் உக்கிவிடும். கிடுகு வேலிக்கு முன்னால் செவ்வரத்தையோ குறோட்டனோ நடுவதானால் இரண்டடி தள்ளி நடுங்கள். காற்றோட்டமும் இருக்கும், அடுத்த முறை கட்ட வரும்போது குத்தூசியோடு நிற்க இடமும் இருக்கும்.

பழைய அடைப்பைக் கழற்றும்போது கொளுத்தவேண்டாம். நைலோனும் கம்பியும் இல்லாத கட்டானால் அப்படியே கொண்டுபோய்த் தென்னையிலிருந்து நாலடி தள்ளி வெட்டிய கிடங்கில் தாழ்த்து மண் போடலாம், மாரியில் உக்கிப் பசளையாகும். வீட்டுச் சுவரோடு மட்டும் தாழ்க்கக்கூடாது, கறையான் அந்த வழியால் கூரைமரத்துக்கு ஏறும்.