குழந்தைக்குக் கோடிங் வகுப்பு என்று கடன் போடவைப்பவர்களிடம் கவனம்

எங்கள் மகளுக்கு எட்டு வயது. தானே ஒரு வீடியோ கேம் செய்ய வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. அதற்காக ஓர் ஆன்லைன் கோடிங் நிறுவனத்தில் சேர்த்தோம். ஏறக்குறைய 60,000 ரூபாய். புகார் நடப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இலவச டெமோ வகுப்பு. மேலிருந்து விழும் ஆப்பிளைக் கூடையில் பிடிக்கும் கேம். முடிந்ததும் மகள் பெயர் போட்ட சான்றிதழ். அன்று மாலையே போன்: “ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் கட்டாயம் மேடம், இப்பவே ஆரம்பிக்கலைன்னா பாப்பா பின்தங்கிடுவா. இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த ஆஃபர்.” 2020 தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் கோடிங்கை அறிமுகப்படுத்தச் சொல்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவும் இல்லை. எட்டு வயதுக் குழந்தையின் பெற்றோரைப் பயமுறுத்த அதில் ஒன்றுமே கிடையாது.

வகுப்பில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கேமில் முக்கால்வாசி ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கும். மிஸ் சொல்லும் இடத்துக்கு மகள் நாலைந்து பிளாக்குகளை (கட்டளை எழுதிய கட்டங்களை) இழுத்துப் போடுவாள். ஏதாவது தப்பானால் மிஸ்ஸே அவள் திரையை எடுத்துச் சரிசெய்துவிடுவார். வாரத்துக்கு ஒரு கேம், ஒரு சான்றிதழ். ஒரு நாள் வீட்டில் வெறும் திரையைக் கொடுத்து, “பூனையை அம்புக்குறி கீயால் நகர்த்திக் காட்டுடா” என்றேன். “மிஸ் ஓப்பன் பண்ணிக் கொடுத்தாத்தான்மா வரும்” என்றாள்.

அப்புறம் நானும் அவளும் அதே ஆப்பிள் கேமை முதலிலிருந்து செய்தோம். ஓர் ஆப்பிள் கூடையில் பட்டதும் ஸ்கோர் ஒன்று ஏறாமல் பத்து, பதினைந்து என்று தாவியது. கம்ப்யூட்டர் நொடிக்கு 30 முறை ‘ஆப்பிள் கூடையைத் தொடுகிறதா’ என்று பார்க்கிறது, தொட்டுக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஸ்கோர் ஏறுகிறது. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். ஸ்கோர் ஏறியதும் ஆப்பிளை மேலே அனுப்பிவிட வேண்டும் என்று அவளே சரிசெய்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வகுப்பிலும் இதே தப்பு வந்ததாம், மிஸ் உடனே மாற்றிவிட்டாராம். குழந்தை கற்றுக்கொள்வதே அந்த இடத்தில்தான். காசையும் வாங்கிக்கொண்டு அதைத்தான் பறித்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் சொல்லித்தந்தது ஸ்கிராட்ச், பிளாக்குகளை இழுத்துப் போட்டு கேம் செய்யும் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, யாருக்கும் இலவசம். இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது, அதுவும் இலவசம். நல்ல ஆசிரியருக்குச் சம்பளம் தருவது நியாயம். ஆனால் டெமோவிலேயே கேளுங்கள்: வெறும் திரையிலிருந்து தொடங்குவீர்களா? தப்பு வந்தால் குழந்தையைத் தேடவிடுவீர்களா?

பணத்துக்கு வருகிறேன். ‘வட்டியில்லாத மாதத் தவணை’ என்று ஒரு லிங்க் அனுப்பி ஓடிபி வாங்கினார்கள். அது என் கணவர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தந்த கடன். முழுத்தொகையும் முதலிலேயே கோடிங் நிறுவனத்துக்குப் போய்விட்டது. வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத் தாளைக் கடனுக்குச் சம்மதிக்கும் முன்பே தர வேண்டும், மனம் மாறினால் அபராதமில்லாமல் வெளியேறக் கொஞ்சம் அவகாசமும் தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. எங்களுக்கு அந்தத் தாள் ஓடிபி கொடுத்த பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது. இப்படிப்பட்ட கடன், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிப்பது பற்றி மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்திருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்த பிறகுதான் நிறுவனம் திரும்பப் பேசியது. ‘பதிவுக் கட்டணம்’ என்று பெரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்களாம். அப்படி ஒரு கட்டணத்தைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. நீங்களும் மாட்டியிருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் போன் பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். ‘எப்ப வேணும்னாலும் ரீஃபண்ட் உண்டு’ என்று அவர்கள் சொன்னதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அவைதான்.